சீரொளித் தோல் புதுப்பிப்பு

சீரொளித் தோல் புதுப்பிப்பு என்பது, லேசர் எனப்படும் சீரொளிக் கற்றையால் தோலின் மேற்பகுதியை நீக்கியோ சூடாக்கியோ புதிய தோலை வளரச் செய்யும் மருத்துவ முறை ஆகும். முதுமையாலும் வெயிலாலும் தோன்றும் சுருக்கங்கள், நிறத்திட்டுகள் ஆகியவற்றைக் குறைக்க இது பயன்படுகின்றது. தோல் புற்றுநோயைத் தடுக்க இது உதவுமா என்பதும் ஆராயப்பட்டு வருகின்றது.

வரலாறு

1960 இல் தியடோர் மைமன் முதல் சீரொளிக் கருவியை இயக்கிக் காட்டினார். இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு சீரொளியை உருவாக்கினார். தோல் புதுப்பிப்பில் பின்னர் இது முக்கிய இடம் பெற்றது. தகுந்த அலைநீளமும் குறுகிய துடிப்பும் கொண்ட ஒளியால், சுற்றுத் திசுக்களுக்கு அதிகச் சேதமின்றி இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்ற கோட்பாட்டை ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 1983 இல் வெளியிட்டனர்.

செயல்படும் முறை

சீரொளிகள் இரு வகைப்படும்.

* நீக்கும் வகை: கார்பன் டை ஆக்சைடு (10,600 நானோமீட்டர்), எர்பியம் யாக் (2,940 நானோமீட்டர்) சீரொளிகளைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சுவதால் மேற்றோல் ஆவியாகின்றது.
* நீக்காத வகை: 1,550, 1,927 நானோமீட்டர் போன்ற அலைநீளங்கள் மேற்பரப்பை அகற்றாமல் உள்ளே சூடாக்குகின்றன.

காயம் ஆறும்போது அடித்தோலில் புதிய கொலாஜன் உருவாகின்றது. 2004 இல் அறிமுகமான பகுதிமுறையில், நுண்ணிய புள்ளிகளில் மட்டும் ஒளி பாய்ச்சப்படுகின்றது. இடையிலுள்ள தோல் பாதிக்கப்படாததால் காயம் விரைவில் ஆறுகின்றது.

புற்றுநோய்த் தடுப்பு

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோல் உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. அவ்வாறு சிதைந்த உயிரணுக்கள் நீங்கிப் புதியவை வளர்வதால் புற்றுநோய் வாய்ப்புக் குறையலாம் எனக் கருதப்படுகின்றது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முன்பே முகத்தில் தோல் புற்றுநோய் கண்டவர்களின் பழைய பதிவுகள் ஆராயப்பட்டன. நீக்காத பகுதிமுறைச் சிகிச்சை பெற்ற 43 பேரில் 20.9 விழுக்காட்டினருக்கும், பெறாத 52 பேரில் 40.4 விழுக்காட்டினருக்கும் முகத்தில் மீண்டும் புற்றுநோய் தோன்றியது. இது சிறிய ஆய்வு ஆதலால் இதனை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. இந்த ஆய்வு மெலனோமா என்னும் கொடிய வகையைப் பற்றியதும் அன்று.

எச்சரிக்கைகள்

தோலில் வளரும், நிறம் மாறும், ஆறாத புள்ளி எதனையும் திசு ஆய்வு செய்யாமல் சீரொளியால் அகற்றுதல் ஆபத்தானது. மேற்புறம் மறைந்தாலும் புற்றுநோய் உள்ளே வளரக்கூடும்; கண்டறிதலும் தாமதமாகும். கருநிறத் தோலில் சிகிச்சைக்குப் பின் நிறத்திட்டுகள் தோன்றும் வாய்ப்பு அதிகம். தொற்று, தழும்பு ஆகியனவும் ஏற்படலாம். சிகிச்சை பெற்றவர்களும் வெயிலிலிருந்து தோலைக் காத்தல் வேண்டும். புதுப்பித்த தோலையும் புற ஊதாக் கதிர்கள் மீண்டும் சிதைக்கும்.