புகுந்த வீட்டில் புகழ் பெற்ற கொடி

பிறந்த வீடு பெருமை தருமா, புகுந்த வீடு பெருமை தருமா? மால்பெக் திராட்சையின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அடர்ந்த நிறமும் அழுத்தமான சுவையும் கொண்ட சிவப்பு ஒயின் இதிலிருந்து கிடைக்கிறது. இன்று மால்பெக் என்றாலே அர்ஜென்டினாதான் நினைவுக்கு வரும். ஆனால், அது பிறந்தது பிரான்சில்!

தென்மேற்குப் பிரான்சில், லோட் ஆற்றின் கரையில் இருக்கிறது கஹோர் நகரம். அதன் ஒயின் மிகவும் கருத்திருந்ததால் 'கறுப்பு ஒயின்' என்றே பெயர் பெற்றது. படகுகளில் அதை ஏற்றிக் கடலுக்குக் கொண்டு போக வேண்டுமானால் போர்டோ துறைமுகத்தைத் தாண்டியாக வேண்டும். அங்குள்ள வணிகர்கள் விடுவார்களா? தங்கள் சரக்கு முதலில் விலைபோக வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட காலம் வரை மேலாற்று ஊர்களின் ஒயினைத் தடுத்து வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் நீடித்த அந்தச் சலுகையை பிரெஞ்சு அரசு 1776இல்தான் ஒழித்தது.

சோதனை அதோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வேரை உறிஞ்சும் ஃபில்லாக்ஸெரா பூச்சி தோட்டங்களை அழித்தது. மிஞ்சியதை 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி கருக்கியது.

நல்ல வேளையாக, அந்தப் பூச்சி வருவதற்கு முன்பே கொடி கடல் கடந்துவிட்டது. பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான சார்மியெண்டோ, மெண்டோசா மாநிலத்தில் ஒரு வேளாண் பள்ளி வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்கான மசோதா 1853 ஏப்ரல் 17இல் மாநிலச் சட்டமன்றத்திற்கு வந்தது. மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் சிலியிலிருந்து திராட்சைக் கன்றுகளுடன் அங்கு வந்து சேர்ந்தார்.

மெண்டோசா கிட்டத்தட்ட ஒரு பாலைநிலம். ஆண்டிஸ் மலையின் பனி உருகி வரும் நீரே அங்கு உயிர்நாடி. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர். அந்த வெயிலில் பழத்தோல் தடிக்கிறது, நிறம் ஏறுகிறது. இரவுக் குளிரோ புளிப்பைக் காப்பாற்றுகிறது. 1885இல் தலைநகரிலிருந்து ரயில் வந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்த குடியேறிகள் தோட்டங்களைப் பெருக்கினார்கள்.

ஆனால், புகுந்த வீட்டிலும் அதற்கு மதிப்புக் குறைந்த காலம் உண்டு. 1970 வாக்கில் அர்ஜென்டினியர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லிட்டர் ஒயின் குடித்தார். பிறகு அந்தப் பழக்கம் சரிந்தது. விற்காத திராட்சையை வைத்து விவசாயி என்ன செய்வார்? முதிர்ந்த கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் எஞ்சியது ஏறத்தாழ 10,000 ஹெக்டர் மட்டுமே. அப்போதுதான் நிக்கோலாஸ் கத்தேனா போன்றவர்கள், அளவைவிடத் தரமே முக்கியம் என்று மலையின் உயரத்திற்கு ஏறினார்கள். 1992இல் கத்தேனா குடும்பம் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் ஒரு தோட்டம் அமைத்தது. இன்று அர்ஜென்டினாவில் மால்பெக் பயிராகும் பரப்பு 40,000 ஹெக்டருக்கும் மேல்.

இரண்டு வீடுகளின் குணமும் சாப்பாட்டு மேசையில் தெரியும். அர்ஜென்டினா மால்பெக்கில் கருநாவல் நிறமும் பிளம் பழச் சுவையும் இருக்கும். துவர்ப்பு மென்மையாக இருக்கும். விறகுத் தணலில் நிதானமாக வாட்டிய 'அசாடோ' மாட்டிறைச்சியே அதற்குப் பொருத்தமான துணை. ஒயினின் துவர்ப்பை இறைச்சியின் புரதம் அடக்குகிறது. ஒயினோ நாவில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடுகிறது. பூண்டும் வினிகரும் சேர்ந்த 'சிமிச்சுரி' தொக்கையும் அது தாங்கும். கஹோர் ஒயினில் துவர்ப்பு கூடுதல். அதனால் அங்கே கொழுப்போடு பதமாக வேகவைத்த வாத்தையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மென்மையான மீனுக்கு இரண்டுமே ஒத்துவராது. காரம் மிகுந்த கறியோடு சேர்ந்தால் ஒயினின் மதுச்சூடு எரிச்சலைக் கூட்டிவிடும்.

அப்படியானால் தீர்ப்பு என்ன? கொடியைப் பெற்றது கஹோர். அழிவிலிருந்து மீட்டுப் பேர் வாங்கிக் கொடுத்தது மெண்டோசா. கஹோரும் மனம் தளரவில்லை. மீண்டும் நட்டு, 1971இல் தன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அந்தப் பெயரில் விற்கும் ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கஹோர்க்காரர்கள் இந்தத் திராட்சையை முன்பு கோ, ஆக்சேருவா என்றெல்லாம்தான் அழைத்தார்கள். இன்று அவர்களில் பலர் தங்கள் புட்டிகளில் மால்பெக் என்று அச்சிடுகிறார்கள். புகுந்த வீட்டில் புகழ் பெற்ற பெயரைப் பிறந்த வீடே வாசலில் எழுதி வைத்துக்கொண்டது!