அகிலின் மணமும் சிங்கை நகரமும்

இளைஞர் விரும்பும் நறுமணம் வேறு. அகவை முதிர்ந்த ஆடவர் விரும்பும் நறுமணம் வேறு. பின்னதில் மலரின் மென்மை குறைவு. மரத்தின் ஆழமும் நறுஞ்சரக்கின் காரமும் மிகுதி. சந்தனம், அகில், கிராம்பு, சாதிக்காய் ஆகியனவே அதன் உறுப்புகள். இம்மணம் மேனாட்டுப் புட்டிகளில் வந்திறங்கியது என எண்ணுவோர் பலர். வரலாறு காட்டும் உண்மை வேறு.

ஆடவர் மார்பில் சாந்து பூசும் வழக்கத்தைச் சங்கப் பாடல்களிலேயே காணலாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கொண்டல் காற்றோடு கடல் கடந்து வந்த பொருள்களுள் அகிலையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் எண்ணுகின்றது. அதற்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் அகிலின் வகைகளைக் கூறுமிடத்துத் தக்கோலி, கிடாரவன் என்னும் பெயர்களைச் சுட்டுகிறார். தக்கோலம் மலாய்த் தீபகற்பத்தின் மேலைக்கரையில் இருந்த துறை. கிடாரம் எனவும் வழங்கிய கடாரமே இன்றைய கெடா. கி.பி. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் படை சென்ற ஊர்கள் இவை. மன்னன் வென்றதைக் கல்வெட்டு உரைக்கின்றது. வணிகன் கொண்டதை மரத்தின் பெயர் உரைக்கின்றது.

சுமத்திராவின் பாருஸ், கருப்பூரத்திற்குப் பெயர்பெற்ற துறை. அங்குக் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர்க்குக் கப்பலோர் செலுத்த வேண்டிய பொன்னைக் கத்தூரியின் விலையோடு சார்த்திக் கூறுகின்றது. மணப்பொருள் அந்நாளில் செல்வத்தின் அளவுகோலாகவே விளங்கியது.

இவ்வணிகத்தில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. 14ஆம் நூற்றாண்டில் இத்தீவைப் பற்றி எழுதிய சீன வணிகர் வாங் தாயுவான், இங்குக் கிடைத்த பொருள்களுள் லாக்கா என்னும் மணக்கட்டையைக் குறிப்பிடுகிறார். 1819இல் இராபிள்ஸ் இங்குத் துறைமுகம் நிறுவியபின், பெங்கூலனிலிருந்து சாதிக்காய், கிராம்பு நாற்றுகள் கொணரப்பட்டன. தோட்டங்கள் பெருகின, எனினும் 1850களில் நோய் தாக்கிச் சாதிக்காய் மரங்கள் அழிந்தன. இன்று கடைகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலையின் பெயர் அத்தோட்டங்களை நினைவூட்டுகின்றது.

தோட்டங்கள் மறைந்தாலும் மணம் மறையவில்லை. கம்போங் கிளாம் வட்டாரத்தில், அரபுத் தெருவிலும் பஸ்ஸோரா தெருவிலும் சாராயம் கலவாத அத்தர் வகைகள் விற்கப்பட்டன, இன்றும் விற்கப்படுகின்றன. மெக்காவுக்குப் புறப்படும் பயணிகள் கூடிய இடமும் அதுவே. சிராங்கூன் சாலையிலோ சந்தனமும் சவ்வாதும் பூக்கடைகளுக்கு அருகே இடம்பெற்றன. திருமண வாயிலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் விருந்தினரை வரவேற்றன. 1938இல் அமெரிக்காவில் ஆடவர்க்கென விற்பனைக்கு வந்த 'ஓல்ட் ஸ்பைஸ்' புட்டியில் பாய்மரக் கப்பலின் படம் பொறிக்கப்பட்டது. நறுஞ்சரக்கின் மணத்தைப் புட்டியில் அடைத்தோரும் கப்பலை மறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

அகில் மரம் இயல்பில் மணப்பதில்லை. காயமுற்றுப் பூஞ்சை பற்றிய மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே, நெடுங்காலம் வைரத்தில் ஊறி மணமாகின்றது. எம்மரத்தில் மணமுண்டு என்பது வெட்டுமுன் எளிதில் புலப்படாமையால், மணமில்லா மரங்களும் வீழ்த்தப்பட்டன. மலாய்க் காடுகளில் வளரும் அகிலின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் உடன்படிக்கை வழியே கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

வகுப்பறையில் அகில் என்ற சொல் வருங்கால் 'ஒருவகை மணமரம்' என்று பொருள் கூறி அப்பால் செல்வது வழக்கம். சிங்கப்பூர் மாணாக்கர்க்கு அது போதாது. அம்மரம் அவர்கள் வாழும் நிலப்பகுதிக்கே உரியது. மலாய் நண்பர் 'காஹாரு' என்று சொல்வதும் அதனையே. கடாரம் அவர்களுக்குப் பூம்புகாரினும் அண்மையது. உரையாசிரியர் விட்டுச்சென்ற இரண்டு பெயர்களை ஆசிரியர் விளக்கினால், இலக்கியம் தொலைநாட்டுச் செய்தியாக நில்லாது, அவர்தம் மண்ணின் வரலாறாகவே மணக்கும்.