புளூஸ் இசைத்தட்டுகளும் அவற்றின் ஆய்வாளரும்

இசைத்தட்டு வரலாற்றுச் சான்றாவதற்கு முன்னர் விற்பனைப் பண்டமாகவே பிறந்தது. ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

1920இல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு பெருவிற்பனை கண்ட பின்னரே, கறுப்பின மக்களும் ஒரு சந்தை என்பதைக் கம்பனிகள் உணர்ந்தன. மா ரெய்னியின் குரலைப் பதிவுசெய்த பரமவுண்ட், விஸ்கொன்சின் மாநிலத்துத் தளபாடக் கம்பனியொன்றின் கிளையே. இசைப்பெட்டிகளை விற்பதற்கு அதற்கு இசைத்தட்டுகள் தேவைப்பட்டன. பாடியோர் பெரும்பாலும் ஒருமுறைக் கூலியே பெற்றனர்.

1959இல் சாமுவேல் சார்ட்டர்ஸும் 1960இல் போல் ஒலிவரும் வெளியிட்ட நூல்கள் இவ்விசையை ஆய்வுப்பொருளாக்கின. ஒலிவர் பாடற்பொருளை உழைப்பு, வறுமை, இடப்பெயர்வு, சிறை ஆகியவற்றோடு இயைத்து விளக்கினார். எனினும் பின்வந்த ஆர்வலர் பலர், 1920களில் மக்கள் விரும்பி வாங்கிய பெண்பாடகரிலும் பார்க்க, கிற்றாருடன் தனித்துப் பாடிய கிராமத்து ஆண்களையே தூய கலைஞராகக் கொண்டனர். 1938இல் மறைந்த ரொபேட் ஜோன்சன் பதிவுசெய்தவை 29 பாடல்களே. 1961இல் வெளிவந்த தொகுப்பே அவரைப் பரவலாக அறியச் செய்தது.

1963இல் லீரோய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராக்கா) இவ்விசையை, அடிமைகளாயிருந்தோர் குடிமக்களாகிய சமூக வரலாறாக விளக்கினார். பதிவாக வேண்டியதை மூலதனமும் போற்றத்தக்கதை ஆய்வாளரும் தீர்மானித்த இடத்தில், கேட்டு வாங்கிய உழைக்கும் மக்களின் தெரிவையும் சான்றாகக் கொள்ளும் நெறி ஆய்வுக்குத் தேவை.