கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே

அபிராமத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 1968ஆம் வருடத்து டாடா மெர்சிடிஸ் லாரி ஒன்று நிற்கிறது. கமுதிச் சுற்றுவட்டாரத்து முண்டு வத்தலையும் கரிமூட்டையும் விருதுநகருக்குச் சுமந்த வண்டி. ஓட்டியவர் பெரியப்பா. இப்போது அவருக்கு எண்பது வயது. வண்டி ரோட்டுக்குப் போவதில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன ஐப்பசி மழையில் ஊருக்குப் போயிருந்தபோது முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மரச்சட்டத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

காரணம் நான்தான். 2021இல், வீட்டிலிருந்தே கோடு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், கேபினுக்குள் ஒழுகுகிறது என்று இரண்டு டியூப் சிலிக்கான் வாங்கிக் கண்ணாடியைச் சுற்றிப் பூசினேன். கீழ்ச்சட்டத்தில் சுண்டுவிரல் நுழையாத இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் அடைத்தேன். ஒரு பக்கை மூடிவிட்ட திருப்தி. அந்த சிலிக்கானில் வினிகர் வாசனை அடித்தது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை அது, இரும்பை அரிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மரத்தின்மேல் போர்த்தியிருந்த தகரமும் ஸ்குரூக்களும் துருவேறி, மரம் உள்ளுக்குள்ளேயே ஊறிக் கிடந்தது.

பாவத்தைக் கழுவ ஒரிஜினல் ரப்பரையே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த வண்டியின் ஜெர்மன் மூலத்துக்கு இன்றும் பழைய வண்டிப் பிரியர்களுக்காக ரப்பர் செய்து விற்கிறார்கள். வரவழைத்தேன். விலையைப் பெரியப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. கண்ணாடியைச் சுற்றி அதை வைத்துப் பார்த்தால் நீளமும் சேரவில்லை, வளைவும் சேரவில்லை.

பெரியப்பா சிரித்தார். "பென்ஸ்காரன் உனக்குக் கண்ணாடி குடுத்தானாக்கும்? வந்தது இஞ்சினும் சேசிஸும் மூஞ்சியும்தான். மிச்சமெல்லாம் மதுரை ஆசாரி வேலை."

அவர் சொன்னதுதான் இந்திய லாரியின் வரலாறு. 1945இல் ரயில் இஞ்சின் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட டெல்கோ, 1954இல் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டியது. 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் மூக்கிலிருந்த நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனால் ஆலையிலிருந்து பெரும்பாலும் முழு லாரி வெளியே வரவில்லை. சேசிஸ், பானட், டேஷ்போர்டு வரையிலான முன்பகுதி, அவ்வளவுதான். டிரைவர்கள் தலையில் துண்டைக் கட்டி, கண்ணுக்குக் காகிள்ஸ் மாட்டி, பலகை மேல் உட்கார்ந்து, வெட்டவெளியில் நாடு முழுக்க ஓட்டி வந்தார்கள். கேபினை நாமக்கல், திருச்செங்கோடு, மதுரை என்று அந்தந்த ஊர்ப் பட்டறைகளில் தச்சர்களும் டிங்கர்களும் கட்டினார்கள். முன்கண்ணாடி எத்தனை அடி, எந்தச் சாய்வு என்பதெல்லாம் ஆசாரியின் முழக்கோல் தீர்மானித்தது. ஆகவே எங்கள் வண்டிக்கு ஒரிஜினல் ரப்பர் என்று ஒன்று உலகத்தில் எங்குமே இருந்ததில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பார்சல் தேவைப்பட்டது.

தகரக் கேபின்களில் வேலை வேறு மாதிரி. ரப்பரின் ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், இன்னொரு பள்ளத்தில் தகர விளிம்பு. அந்த இரண்டாவது பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளேயிருந்து இன்னொருவர் கயிற்றை இழுப்பார். ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். யூடியூப்பில் பத்துத் தடவை பார்த்துக் கயிறும் வாங்கி வைத்திருந்தேன். எங்கள் வண்டியில் அதற்கு வேலையே இல்லை. இங்கே கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். மரத்தில் வெட்டிய படியில் யூ வடிவ ரப்பரோடு உட்கார்கின்றன. மேலே மரப் பீடிங் வைத்து ஸ்குரூ முடுக்கினால் முடிந்தது.

கண்ணாடியையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது 5 மில்லிமீட்டர் சாதாக் கண்ணாடி, உடைந்தால் கத்திதான். 1903இல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கை தவறிப் போட்ட குடுவை, உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்ததால் சிதறாமல் விரிசலோடு நின்றது. லேமினேட்டட் கண்ணாடி அங்கிருந்து வந்தது. நம் ஊரில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடிக்கு அதையே கேட்கின்றன. 3 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 0.76 படலம்: மொத்தம் 6.76. அந்தக் காலத்து ரப்பர் எங்காவது கிடைத்திருந்தாலும் இந்தக் கண்ணாடி அதில் நுழைந்திருக்காது.

ரப்பர் எது? கடையில் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத்தான் அறுக்கும், அதுவும் இழுபட்டிருக்கும் இடமாகப் பார்த்து. 1931இல் டூபாண்ட் கொண்டுவந்த நியோப்ரீன் இதைக் கொஞ்சம் தாங்கியது. 1960களில் வந்த இபிடிஎம்மின் முதுகுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. அதைச் சாத்தியமாக்கிய வினையூக்கிகளுக்காக சீக்லரும் நாட்டாவும் 1963இல் நோபல் வாங்கினார்கள். வருஷத்தில் மூன்று மாதம் மழையும் மீதி வெயிலுமாக இருக்கிற ராமநாதபுரத்துக்கு இபிடிஎம்தான் சரி. அதற்குப் பகை எண்ணெய். க்ரீஸ் தடவி ரப்பரைச் சொருகும் மெக்கானிக்குகளைக் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் போதும்.

மதுரைப் பட்டறை இப்போது இல்லை. கமுதியிலிருந்து ஒரு தச்சர் வந்தார். உளுத்ததை அறுத்தெடுத்துப் புதிதாகத் தேக்குச் சட்டம் சேர்த்தார். நான் ரப்பரை இழுத்துப் பிடித்து அளவெடுத்தபோது திட்டினார். "இழுக்காதீக தம்பி. இழுத்து வச்சது திரும்பச் சுருங்கி மூலையில வாயப் பொளக்கும். அரை விரக்கடை கூட வெட்டி, நெருக்கி வைங்க." ஓசோன் விஷயத்தில் நான் படித்ததும் இதற்கு ஒத்துத்தான் வந்தது. இணைப்பை மேலே நடுவில் வைத்தோம், மூலைகளில் வைக்கவில்லை.

பிறகு அவர் துளைப்பானை எடுத்துக் கீழ்ச்சட்டத்தில், நான் அடைத்த அதே இடங்களில், இரண்டு ஓட்டை போட்டார். தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்டேன்.

"வரத்தான் செய்யும். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். எந்த ரப்பர் அதுகூட ஓடும்? வந்த தண்ணி போறதுக்குத்தான் இது."

பெரியப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அந்த ஓட்டைகளை அடைத்த அன்றும் அவர் பக்கத்தில்தான் நின்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியப்பா" என்றேன்.

"நீ இஞ்சினியரு, ஏதோ கணக்கு வச்சிருப்பேன்னு நெனச்சேன்."

வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடதுபக்க ஓட்டையிலிருந்து சொட்டியது. வலதுபக்கம் மரத்தூள் அடைத்திருந்தது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி அவரே குத்திவிட்டார். அந்தக் குச்சியை இப்போது டேஷ்போர்டில் சொருகி வைத்திருக்கிறார்.