மின்காந்தத் தூண்டல் கண்டறியப்பட்ட வரலாறு

மாறும் காந்தப்புலம் ஒரு கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்குவது மின்காந்தத் தூண்டல் எனப்படும். இதனை மைக்கேல் ஃபாரடே 1831 இல் இலண்டனில் கண்டறிந்தார். தேவையான மின்கலமும் காந்தமும் கம்பிச்சுருளும் கால்வனாமீட்டரும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அறிஞர்களின் கையில் இருந்தன.

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820 இல் அறிவித்தார். மின்சாரம் காந்தத்தைத் தருமானால், காந்தம் மின்சாரத்தைத் தராதா என்ற கேள்வி உடனே எழுந்தது. ஓர்ஸ்டெட் கண்ட விலகல், மின்னோட்டம் பாயும்வரை நீடித்தது. ஆகவே கம்பியருகே காந்தம் இருக்கும்வரை மின்னோட்டமும் நீடிக்கும் என்றே பலரும் எண்ணினர். தவறு இங்கேதான் நேர்ந்தது.

ஜெனீவாவைச் சேர்ந்த கொலாடன் 1825 இல் கம்பிச்சுருளுக்குள் வலிய காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் கால்வனாமீட்டரின் ஊசியை நேரடியாக அசைத்துவிடக் கூடாது என்பதற்காக, கருவியை நீண்ட கம்பிகளால் இணைத்து மற்றோர் அறையில் வைத்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு அவர் நடந்து போய்ப் பார்த்தபோது ஊசி அசைவின்றி நின்றது. ஊசி விலகித் திரும்பியது அவர் நடந்துகொண்டிருந்த வேளையில்! அறையில் ஓர் உதவியாளர் நின்றிருந்தால் இன்றைய பாடநூல்களில் வேறு பெயர் இருந்திருக்கும். கொலாடனைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது நியாயமன்று. அவரைத் தோற்கடித்தது அவருடைய முன்னெச்சரிக்கையே.

ஃபாரடேயும் முதலில் சில முறை தோற்றவரே. 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஆறு அங்குல விட்டமுள்ள தேனிரும்பு வளையத்தின் இருபுறமும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுற்றை மின்கல அடுக்குடன் இணைத்தார். மற்றதன் கம்பியை மூன்றடி தள்ளி ஒரு காந்த ஊசியின் மேலாகக் கொண்டு சென்றார். இணைத்த கணத்தில் ஊசி ஆடிப் பழைய நிலைக்குத் திரும்பியது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் ஆடியது. இடையில், மின்னோட்டம் சீராகப் பாய்ந்த நேரத்தில், எந்த அசைவும் இல்லை. விளைவைத் தருவது காந்தம் அன்று, அதன் மாற்றமே என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. அக்டோபர் 17 அன்று வெறும் சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் அதே விளைவைப் பெற்றார்.

அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும் இதனைத் தனியாகக் கண்டிருந்தார். ஃபாரடே முந்தி வெளியிட்டார்.

மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தருவதுபோல, மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைத் தரும் என்று மேக்ஸ்வெல் பின்னர் கணித வழியில் நிறுவினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று உண்டாக்கிக்கொண்டு அலையாகச் செல்லும் வேகம் ஒளியின் வேகத்துடன் ஒத்துப்போவதை 1865 இல் வெளியான அவரது கட்டுரை காட்டியது. அத்தகைய அலைகளை ஹெர்ட்ஸ் 1888 இல் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார்.