அடைத்த கழகக் கதவுகளும் அல்தியா கிப்சனும்

எமது பாடசாலை நூறு ஆண்டுகளைப் பூர்த்தி செய்யும் இவ்வேளையில், பெண்பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் இறங்கிய வரலாற்றையும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். "வெயிலில் ஓடினால் கறுத்துப்போவாய்" என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முள் பலர். நமக்கு அது வெறும் அதட்டலாக இருந்தது. ஆனால் பிறந்த நிறத்துக்காகவே மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உளர். அவர்களுள் ஒருவர் அமெரிக்க டெனிஸ் வீராங்கனை அல்தியா கிப்சன்.

1927 ஆகஸ்ட் 25 ஆம் திகதி தென் கரோலினாவில் பருத்தித் தோட்டக் குத்தகைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பகலில் வாகனங்களை மறித்துப் பிள்ளைகள் விளையாட விடப்பட்ட தெருவொன்றில், மரத்துடுப்பால் ஆடும் தெரு டெனிஸில் அவர் கைதேர்ந்தார். பாடசாலைக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை அவர். ஆயினும் அயலவர்கள் காசு சேர்த்து, கறுப்பினத்தவரின் டெனிஸ் கழகமொன்றில் அவரைச் சேர்த்துவிட்டார்கள்.

அக்காலத்தில் கறுப்பினத்தவருக்கெனத் தனியாக அமெரிக்க டெனிஸ் சங்கம் என்ற அமைப்பு 1916 முதல் இயங்கி வந்தது. அதன் மகளிர் பட்டத்தை 1947 தொடக்கம் 1956 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து அல்தியா வென்றார். இருந்தும் தேசியப் போட்டியின் வாசலை அவரால் எளிதில் நெருங்க முடியவில்லை. கறுப்பர் ஆடக்கூடாது என்று ஏட்டில் எழுதிய விதி எதுவும் இருக்கவில்லை. தேசியப் போட்டியில் ஆடுவதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட சுற்றுப்போட்டிகளில் திறமையைக் காட்ட வேண்டும். அப்போட்டிகளோ பெரும்பாலும் வெள்ளையரை மட்டும் சேர்க்கும் கழகங்களில் நடந்தன. எழுத்தில் இல்லாத இந்தத் தடைக்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் இடமில்லை.

1946 இல் கறுப்பின வைத்தியர்கள் இருவர் அவருக்குக் கைகொடுத்தனர். வில்மிங்டன் நகரின் வைத்தியர் ஹியூபர்ட் ஈட்டன், பாடசாலைக் காலத்தில் அவரைத் தம் வீட்டில் வைத்துப் படிப்பித்தார்; வீட்டு வளவிலேயே டெனிஸ் திடலும் இருந்தது. கோடை விடுமுறையில் லிஞ்ச்பேர்க்கின் வைத்தியர் ரொபர்ட் வோல்டர் ஜோன்சன் அவரைப் போட்டிகளுக்குக் கூட்டிச் சென்றார். இடையில் விட்ட படிப்பைத் தொடர்ந்த அல்தியா 1949 இல் உயர்நிலைப் பாடசாலையையும், 1953 இல் புளோரிடாவில் பட்டப்படிப்பையும் முடித்தார். தாங்கிப்பிடித்த வீடுகளும் பாடசாலைகளும் இல்லாமல் அந்த வெற்றிகள் இல்லை என்பதை நாம் இங்கு குறித்து வைக்கவேண்டும்.

1950 யூலையில் முன்னாள் சம்பியன் அலிஸ் மார்பிள் டெனிஸ் சஞ்சிகையொன்றில் எழுதிய கடிதம் நிலைமையைப் புரட்டிற்று. வெள்ளையரான அவர் தம் சக வீராங்கனைகளை நேரடியாகக் கேட்டார்: இந்தப் பெண் நமக்குச் சவால் என்றால் அந்தச் சவாலைத் திடலில் அல்லவா சந்திக்கவேண்டும்? அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபொரஸ்ட் ஹில்ஸ் தேசியப் போட்டியில் முதல் கறுப்பினத்தவராக அல்தியா இறங்கினார். இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் சம்பியன் லூயிஸ் புரோவுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 7-6 என முன்னணியில் இருந்தபோது இடிமழை கொட்டியது. மறுநாள் தொடர்ந்த ஆட்டத்தில் தோற்றார். ஆனால் வாசல் திறந்துவிட்டது.

அதன் பின்னரும் ஐந்து ஆண்டுகள் பெரிய வெற்றி வரவில்லை. டெனிஸை விட்டு இராணுவத்தின் மகளிர் படையில் சேரவும் எண்ணியிருந்தார். அப்போதுதான் அமெரிக்க அரசு அவரையும் வேறு மூவரையும் நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. பர்மா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றுடன் நமது இலங்கையும் அப்பயணத்தில் இடம்பெற்றது. தம் நிறத்தையொத்த பெண்ணொருத்தியை அமெரிக்காவின் பிரதிநிதியாகக் கண்ட ஆசிய மக்கள் மகிழ்ந்து வரவேற்றார்கள். தன்னம்பிக்கை மீண்டது.

1956 இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்று, பெருந்தொடர் ஒன்றில் வாகை சூடிய முதல் கறுப்பினத்தவரானார். அவ்வாண்டு இரட்டையர் ஆட்டத்தில் அவருடன் இணைந்தவர் இங்கிலாந்தின் யூதப் பெண் அஞ்செலா பக்ஸ்டன். ஒதுக்கப்பட்ட இருவரும் சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் கைப்பற்றினர். 1957 யூலை 6 ஆம் திகதி டார்லின் ஹார்டை 6-3, 6-2 என வென்று விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை எலிசபெத் மகாராணியின் கையால் பெற்றார். வில்மிங்டன் பஸ்ஸில் பின்னாசனத்தில் இருத்தப்பட்ட அதே பெண்ணுக்கு நியூயோர்க் நகரம் ஊர்வல வரவேற்பு அளித்தது. 1958 இலும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் அவருக்கே.

ஆனால் அக்காலத்தில் இந்த வெற்றிகளுக்குப் பரிசுப்பணம் கிடையாது. பிழைப்புக்காகக் கோல்ஃப் ஆடச் சென்று, 1964 இல் மகளிர் தொழில்முறைக் கோல்ஃப் சுற்றில் முதல் கறுப்பினப் பெண்ணானார். அங்கும் சில கழகங்கள் உள்ளே விடாததால் காருக்குள்ளேயே சப்பாத்து மாற்ற வேண்டியிருந்தது. உலக சம்பியனுக்கே நிலை அப்படி என்றால், பெயர் வெளிவராத மற்றவர்களின் நிலை பற்றி நாம் ஊகிக்கலாம்.

1990களில் நோயும் வறுமையும் சூழ்ந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தது அஞ்செலா பக்ஸ்டனை. அவர் சஞ்சிகையொன்றின் வழியாக உதவி கேட்டதும் பல நாடுகளிலிருந்து டெனிஸ் அன்பர்கள் பணம் அனுப்பினார்கள். சேர்ந்த தொகை பத்து இலட்சம் டொலரை நெருங்கியது. 2003 செப்டம்பர் 28 இல் அல்தியா மறைந்தார். 2019 இல் அமெரிக்க டெனிஸ் திடலில் அவருக்குச் சிலை எழுந்தது.

கடல் கடந்தும் இந்த மலரை வாசிக்கும் நம் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம். ஹார்லெம் தெருவில் அயலவர் சேர்த்த சில்லறைக் காசும், முதுமையில் தோழி எழுதுவித்த வேண்டுகோளும் ஒரே வகைக் காரியங்கள். திறமையுள்ள பிள்ளை ஒன்று சப்பாத்தில்லாமல் திடலின் ஓரத்தில் நிற்பதைக் கண்டால், அப்பிள்ளைக்கு முதலில் கைகொடுப்பவர்கள் நாமாக இருப்போம்.