கண் தெரியாதவள் கடை

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாசகர் கடிதத்தைப் போல இனிப்பான பண்டமும் இல்லை. அதைப் போலக் கசப்பான மருந்தும் இல்லை. பத்துக் கடிதங்கள் பாராட்டி வரும்; பதினோராவது கடிதம் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அப்படித் தூக்கம் கெட்ட ஒருவரின் சரித்திரத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். அவர் எழுதியது நாவல் அல்ல, கம்ப்யூட்டர் விளையாட்டு.

ரிச்சர்ட் காரியட் என்பது அவர் பெயர். தந்தை ஓவன் காரியட் 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கி வந்தவர். பிள்ளைக்கோ இல்லாத ராஜ்யங்களில் சஞ்சரிப்பதில்தான் ஆசை. டெக்ஸாஸில் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே ஒரு விளையாட்டை எழுதி, தாம் வேலை பார்த்த கடையில் பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்றார். 1981-ல் 'அல்டிமா' வரிசையின் முதல் விளையாட்டு வந்தது; 1983-க்குள் இன்னும் இரண்டு வந்தன. வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த உலகம் அது. விளையாடுகிறவனே கதாநாயகன். கொடிய சக்தியை ஒழித்துவிட்டால் கதை முடிந்தது. நம் பாட்டிமார் சொன்ன ராஜகுமாரன் கதைதான்!

1983-ல் குடும்பத்தாருடன் சேர்ந்து 'ஆரிஜின்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அதன்பின் ரசிகர்களின் கடிதங்கள் நேரே அவர் கைக்கு வந்தன. பிரித்துப் படித்தவர் திகைத்துப் போனார். கதாநாயகர்கள் எப்படி ஜயித்தார்கள் தெரியுமா? கடையில் திருடினார்கள், ஒரு பாவமும் அறியாத ஊர்க்காரர்களைக் கொன்றார்கள். சீக்கிரம் பலசாலி ஆவதற்கு அதுவே சுலபமான வழியாக இருந்தது. வேறு சிலரோ, இளைஞர்களைக் கெடுக்க வந்த சாத்தான் என்று அவரையே வைது எழுதினார்கள்.

இன்னொருவராயிருந்தால் அடுத்த விளையாட்டில் பத்துப் பூதங்களைக் கூட்டியிருப்பார், படங்களுக்கு மெருகேற்றியிருப்பார். காரியட் வேறொன்றை யோசித்தார். திருடினாலும் வீரன், கொன்றாலும் வீரன் என்று பட்டம் சூட்டுகிற உலகத்தைப் படைத்தவர் யார்? அவர்தானே!

1985-ல் நான்காவது அல்டிமா வந்தது. அதில் ஒழிக்க வேண்டிய வில்லனே இல்லை. கருணை, நேர்மை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களிலும் தேர்ந்து 'அவதார்' என்ற நிலையை அடைவதுதான் லட்சியம். அது நம் 'அவதாரம்' என்ற சொல்லேதான். நம் புராணங்களில் தெய்வம் மனிதனாக இறங்கி வருகிறது; இங்கே மனிதன் ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

அந்த உலகத்தில் மூலிகை விற்கிற ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, காசை நம்மையே எண்ணி வைக்கச் சொல்கிறாள். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வாள். அதட்ட மாட்டாள், காவலனைக் கூப்பிட மாட்டாள். ஆனால் திரைக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நேர்மையில், நீதியில், மானத்தில் மதிப்புக் குறைந்துவிடும். அந்த எண்கள் கண்ணில் படுவதில்லை. அரண்மனையிலுள்ள ஞானியிடம் போய்க் கேட்டால்தான் நம் நிலைமை விளங்கும். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே பெயர் வைத்தார்களே, அதன் பொருத்தத்தை இந்தக் கடையில்தான் உணர வேண்டும்!

அதோடு அவர் நிற்கவில்லை. 1988-ல் வந்த ஐந்தாவது அல்டிமாவில், அதே எட்டுக் குணங்களையும் ஒரு பிரபு சட்டமாக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கை இழக்க வேண்டும்! தடியால் அடித்துப் புகட்டிய தர்மம் கொடுங்கோலாகிறது. 1990-ல் ஆறாவது. அரக்கர் என்று நாம் வெட்டி வீழ்த்த நினைத்தவர்களுக்கும் தர்மம் உண்டு, துயரம் உண்டு, அந்தத் துயரத்துக்கு நம் பழைய வெற்றியே காரணம் என்று தெரியவருகிறது. முந்தைய கதையின் குறையே அடுத்த கதைக்கு விதையாயிற்று.

பிறகு? 1992-ல் ஆரிஜினை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கிற்று. 1994-ல் எட்டாவது அல்டிமா, குறித்த தேதிக்குள் கடைக்கு வரவேண்டும் என்ற அவசரத்தில் குறைப்பிரசவமாக வெளிவந்தது. அது தவறு என்று காரியட்டே பின்னர் ஒப்புக்கொண்டார். 1999-ல் வந்த ஒன்பதாவதில் கதாநாயகன் தன் பழங்கதையையே மறந்தவன் போலப் பேசுவதாக ரசிகர்கள் நொந்துகொண்டார்கள். 2004-ல் ஆரிஜினின் கதவு மூடப்பட்டது.

இன்று இத்தகைய விளையாட்டுகளைச் செம்மைப்படுத்த வழி கேட்கிறவர்கள், இன்னும் பெரிய காடு வேண்டும், இன்னும் பளபளப்பான வாள் வேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால், நாம் செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளாத உலகம் எத்தனை பெரிதாயிருந்து என்ன பயன்? 1985-ன் அந்தச் சின்னத் திரையில் காடும் மலையும் வெறும் கட்டங்கள்தாம். கண் தெரியாத அந்தக் கடைக்காரி மட்டும் உயிரோடு இருந்தாள். அவள் முன்னால் காசை எண்ணிய கை கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை உண்டாக்க முடிந்தால் போதும். விளையாட்டானாலும் சரி, நாவலானாலும் சரி.